மூன்று நாடுகள், ஒரே ஏரி: போடன்சேயைக் கார்த் தொல்லையின்றிச் சைக்கிளில் சுற்ற ஒரு வழிகாட்டி

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் பகிரும் போடன்சே ஏரியை (ஆங்கிலத்தில் லேக் கான்ஸ்டன்ஸ்) முதல் முறை சைக்கிளில் சுற்றக் கிளம்பிய நாளில் நான் செய்யாத தவறு இல்லை. பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் கிடந்தது. ஃபெரி ஏற வேண்டிய துறையை விட்டுவிட்டு நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு துறையில் போய் நின்றேன். ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பதினொரு மணிக்கு, பெல் இல்லாத ரோடு சைக்கிளோடு, குழந்தைத் தள்ளுவண்டிகளுக்கும் நாய்க்கயிறுகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டேன். அன்று 40 கி.மீ. கூட முடிக்கவில்லை. ரயிலேறித் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு பல முறை போய்ப் பகுதி பகுதியாக முழுச் சுற்றையும் முடித்துவிட்டேன். இப்போது நண்பர்கள் யாராவது கேட்டால் அரை மணி நேரம் தொலைபேசியில் விளக்க வேண்டியிருக்கிறது. அந்த அரை மணி நேரப் பேச்சுத்தான் இது. ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ புதிதாகக் குடியேறியவர்களையும், ஊரிலிருந்து கோடை விடுமுறைக்கு வருபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. "கார் இல்லாத பாதை" என்று கேள்விப்பட்டு வருபவர்கள் 260 கி.மீ. நீளத்துக்குத் தனிச் சாலை போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஏரியைச் சுற்றும் சைக்கிள் பாதை பல துண்டுகளால் ஆனது. கரையோரத் தனிப் பாதை, நடப்பவர்களோடு பகிரும் பாதை, பழத்தோட்டங்களுக்கு நடுவே டிராக்டர் மட்டும் போகும் தார்ச்சாலை, ஊருக்குள் வரும்போது சாதாரணத் தெரு. பெரும்பகுதி நிம்மதியானது. ஆனால் கார் இல்லை என்பதற்காகக் கூட்டம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

1. எந்தச் சுற்று என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

போடன்சே உண்மையில் இரண்டு ஏரிகள். பெரியது மேலேரி, சிறியது கீழேரி. இரண்டையும் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் ரைன் ஆறு இணைக்கிறது. மேலேரியிலிருந்து வடமேற்கே உபர்லிங்கென் ஊர்ப் பக்கம் ஒரு நீண்ட விரல் போல நீர் நீள்கிறது. இந்தப் படம் மனத்தில் இருந்தால் மற்றதெல்லாம் எளிது.

முழுச் சுற்று ஏறத்தாழ 260 கி.மீ. நிதானமாகப் போகிறவர்கள் நான்கைந்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள். ரோடு சைக்கிளில் பழகியவர்களுக்கு இரண்டு நாள் போதும். ஒரே நாளில் முடித்தேன் என்று சொல்பவர்கள் ஏரியைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கான்ஸ்டன்ஸிலிருந்து மீர்ஸ்பூர்க்குக்கு ஃபெரியில் கடந்தால் அந்த வடமேற்கு விரலைத் தவிர்த்துவிடலாம். மேலேரியை மட்டும் சுற்றும் இந்த வழி ஏறத்தாழ 130 கி.மீ. கீழேரியை மட்டும் சுற்றினால், அதாவது கான்ஸ்டன்ஸ், ராடோல்ஃப்செல், ஸ்டைன் ஆம் ரைன், மறுபடி கான்ஸ்டன்ஸ் என்றால், 75 கி.மீ.க்குள் முடியும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இவை எதுவும் அல்ல. ஃபிரிட்ரிக்ஸ்ஹாஃபெனில் தொடங்கி ஆஸ்திரியாவின் ப்ரெகென்ஸ் வரை ஒரு வழியாகப் போங்கள். 35 கி.மீ.யைச் சற்றுத் தாண்டும். பெரிய ஏற்றம் கிடையாது. ரயில் தடமும் ஏறக்குறைய கூடவே வருகிறது என்பதுதான் இதில் முக்கியம். களைத்தாலும், மழை வந்தாலும், டயர் கிழிந்தாலும் அடுத்த நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம்.

திசை பற்றி ஒரு வார்த்தை. கடிகார முள் சுற்றும் திசையில் போங்கள். மூன்று நாடுகளிலும் வண்டிகள் வலப்பக்கம் போவதால், அப்படிப் போனால் நீங்கள் எப்போதும் ஏரியோரம் இருப்பீர்கள். நின்று பார்ப்பதற்கும் கரைக்கு இறங்குவதற்கும் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை.

2. காகிதங்கள்: இங்கேதான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறோம்

இந்த ஏரியில் எல்லை இருப்பதே தெரியாது. கான்ஸ்டன்ஸில் ஒரு தெருவைத் தாண்டினால் கிராய்ஸ்லிங்கென், அது சுவிட்சர்லாந்து. பழைய ரைன் மீதுள்ள ஒரு சின்னப் பாலத்தைக் கடந்தால் ஆஸ்திரியாவின் கைஸாவிலிருந்து சுவிஸின் ரைனெக் வந்துவிடும். யாரும் நிறுத்துவதில்லை என்று பழகிப்போய், யாரும் நிறுத்த முடியாது என்று நினைத்துவிடுகிறோம். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ரயிலில், சாலையில், பாலத்தருகே என்று எங்கும் கேட்பார்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள்: ஷெங்கன் விசா ஒன்றே மூன்று நாடுகளுக்கும் போதும். ஒரே நாளில் மூன்று முறை எல்லை தாண்டினாலும் அது ஷெங்கனுக்குள் நடமாடுவதுதான். பொறி வேறு இடத்தில் இருக்கிறது. எந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? அதிக இரவுகள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டில். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். விமானம் சூரிக்கில் இறங்குகிறது என்பதற்காகச் சுவிஸ் விசா கேட்டுவிட்டு, ஐந்து இரவும் ஜெர்மன் கரையில் அறை பதிவு செய்த சான்றை இணைத்தால் விண்ணப்பம் சிக்கலாகும். எனவே முதலில் எந்த ஊரில் எத்தனை இரவு என்று எழுதி வையுங்கள், பிறகு விண்ணப்பத்துக்குப் போங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. இது 2024 ஜூன் 11 முதல் நடைமுறையில் உள்ள தொகை. 6 வயது முதல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. வழக்கமாக 15 நாளில் முடிவு வரும். மேலும் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். கோடையில் வருபவர்களுக்கு மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு, ஆகவே பிப்ரவரி மார்ச்சிலேயே தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு விசாவுக்கே கட்டாயம். எடுக்கும்போது சைக்கிள் ஓட்டும்போது நேரும் விபத்தும் அதில் அடங்குமா என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

ஜெர்மனியில் வசிப்பவர்கள்: குடியிருப்பு அட்டை மட்டும் போதாது. அது பயண ஆவணம் அல்ல. பாஸ்போர்ட்டும் அட்டையும் இரண்டும் சேர்ந்துதான் செல்லும். முதல் நாள் நான் அட்டையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், அதிகாரி ஒருவர் பொறுமையாகக் கேள்வி மேல் கேள்வி கேட்க, முக்கால் மணி நேரம் சாலையோரம் நின்றேன். ஜெர்ஸியின் பின்பையில் பாஸ்போர்ட் வியர்வையில் நனையும் என்று பயந்தால், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கைப்பேசியில் உள்ள படம் பாஸ்போர்ட் ஆகாது. அட்டை புதுப்பிப்பதற்காகக் கொடுத்துவிட்டு இடைக்காலக் காகிதம் மட்டும் வைத்திருப்பவர்கள், அதைக் கொண்டு எல்லை தாண்டலாமா என்று உங்கள் வெளிநாட்டவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வரும்வரை ஜெர்மன் கரையிலேயே ஓட்டுங்கள். அதுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை.

சுவிட்சர்லாந்தில் வசிப்பவர்கள்: பி, சி வகைக் குடியிருப்பு அட்டைக்காரர்களும் பாஸ்போர்ட்டைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். 'எஃப்' (F) அட்டை வைத்திருக்கும் தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்களும், 'என்' (N) அட்டை வைத்திருக்கும் தஞ்ச விண்ணப்பதாரர்களும் முன் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது. கிராய்ஸ்லிங்கெனில் நண்பர்களோடு பேசிக்கொண்டே ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் ஜெர்மனிக்குள் போய்விடுவீர்கள். விளையாட்டாக இதைச் சொல்லவில்லை.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய மருத்துவ அட்டையாகச் செயல்படுகிறது. ஆஸ்திரியாவில் விழுந்து கையை உடைத்துக்கொண்டால் அது உதவும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் அந்த அட்டையைச் சுவிட்சர்லாந்தில் பயன்படுத்த முடியாது. ஆகவே இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தனிப் பயண மருத்துவக் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதற்குமான திட்டங்கள் கிடைக்கின்றன. ஒரு வேளை நல்ல சாப்பாட்டுச் செலவைவிட அதிகம் ஆகாது.

அதோடு, பிறருக்கு நேரும் சேதத்துக்கான தனிநபர் பொறுப்புக் காப்பீடு. நடப்பவர்களோடு பகிரும் பாதையில் ஒரு பாட்டியை இடித்துவிட்டால் செலவு முழுவதும் உங்கள் தலையில். ஜெர்மனியில் பெரும்பாலான குடும்பங்கள் இதை வைத்திருக்கின்றன. நம்மவர்கள்தான் தேவையில்லை என்று விட்டுவிடுகிறோம்.

கடைசியாக, சைக்கிள் வாங்கிய ரசீதைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். சுவிட்சர்லாந்தில் வசிப்பவர் ஜெர்மனியில் புது சைக்கிள் வாங்கி, அதன் மேலேயே ஏறி வீட்டுக்கு ஓட்டி வந்தால் அது இறக்குமதி. ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 150 பிராங்க் மதிப்பு வரைதான் வரியில்லை. இந்த வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 300 பிராங்கிலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது. வாடகைச் சைக்கிள் என்றால் நாடு தாண்டலாமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

3. சைக்கிளைத் தயார் செய்வது

பாதையின் பெரும்பகுதி தார். ஆனால் இயற்கைக் காப்பகங்களை ஒட்டிய இடங்களில் இறுக்கிய சரளை வரும். 23 மி.மீ. டயரோடு வராதீர்கள். 28 மி.மீ. நல்லது, 32 இன்னும் நல்லது. இரண்டு டியூப், ஒரு பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல் கையில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் ஆனால் கடை திறந்திருக்காது.

பெல் கட்டாயம். ரோடு சைக்கிளில் பெல் மாட்டுவது அழகைக் கெடுக்கும் என்று நினைக்கும் கூட்டத்தில் நானும் இருந்தேன். பகிர்ந்த பாதையில் "எக்ஸ்கியூஸ் மீ" என்று கத்திக்கொண்டே போவதைவிட ஒரு கிணுகிணுப்பு மரியாதையானது. ஜெர்மனியில் பெல் இல்லாவிட்டால் 15 யூரோ அபராதம். இருட்டில் விளக்கு இல்லாவிட்டால் 20. கழற்றி மாட்டும் விளக்கு போதும், ஆனால் மினுக்கும் முறையில் வைக்காதீர்கள். அங்கே சைக்கிளில் மினுக்கும் விளக்குக்கு அனுமதி இல்லை.

தலைக்கவசம் பெரியவர்களுக்குச் சாதாரணச் சைக்கிளில் எந்த நாட்டிலும் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டாயம். நான் எல்லோரையும் போடச் சொல்வேன்.

மின்சார சைக்கிள்காரர்கள் கவனியுங்கள். மணிக்கு 25 கி.மீ. வரை உதவும் வகை எங்கும் ஏறக்குறைய சைக்கிளாகவே கருதப்படுகிறது. மஞ்சள் நம்பர் பலகை மாட்டிய 45 கி.மீ. வேக வகை அப்படி அல்ல. சுவிஸில் அதைச் சைக்கிள் பாதையில் ஓட்ட வேண்டும். ஜெர்மன் கரைக்கு வந்ததும் அதே வண்டி மோட்டார் வாகனம் ஆகிவிடும், சைக்கிள் பாதையில் இடமில்லை. இந்தச் சுற்றுக்கு அந்த வண்டியே வேண்டாம். சுவிஸில் எந்த மின்சார சைக்கிளாக இருந்தாலும் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அப்படி.

4. போய்ச் சேருவது: ரயிலும் ஃபெரியும்

ஜெர்மனிக்குள் வட்டார ரயில்களுக்கான மாதாந்தர டாய்ச்லான்ட் டிக்கெட் 2026 ஜனவரி முதல் 63 யூரோ. அதில் சைக்கிள் சேராது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் பெரும்பாலான வட்டார ரயில்களில் வார நாள் காலை 6 முதல் 9 வரை தவிர மற்ற நேரத்தில் சைக்கிள் இலவசம். லின்டாவ் நகரம் பவேரியா மாநிலத்தில் இருக்கிறது, அங்கே விதி வேறு, சைக்கிளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். லின்டாவைத் தாண்டி ப்ரெகென்ஸ் போனால் உங்களுக்கும் தனி டிக்கெட்.

இலவசம் என்பது இடம் உண்டு என்ற உத்தரவாதம் அல்ல. சனிக்கிழமை ஒன்பது மணி ரயிலில் சைக்கிள் பெட்டியைப் பார்த்தால் திருவிழாக் கூட்டம் தோற்றுவிடும். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முன்னுரிமை. ஆறு மணி ரயிலைப் பிடியுங்கள். அல்லது சக்கரத்தைக் கழற்றிச் சைக்கிளை உறையில் போட்டுவிடுங்கள். சுவிஸ் ரயில்களில் அப்படி உறையிட்டது கைப்பெட்டி போலத்தான், டிக்கெட் கிடையாது. உறையிடாத சைக்கிளை அங்குள்ள நீண்டதூர ஐசி ரயில்களில் ஏற்ற, மார்ச் 21 முதல் அக்டோபர் 31 வரை முன்பதிவும் வேண்டும்.

லின்டாவில் ஒரு பொறி உண்டு. பழைய நிலையம் தீவின் மேல் இருக்கிறது. 2020 டிசம்பர் முதல் தொலைதூர ரயில்கள் கரையில் உள்ள லின்டாவ்-ரொய்ட்டின் நிலையத்தில்தான் நிற்கின்றன. டிக்கெட்டில் எந்தப் பெயர் என்று பாருங்கள்.

இப்போது நான் ஏமாந்த ஃபெரி. கான்ஸ்டன்ஸில் இரண்டு துறைகள். ரயில் நிலையத்தின் பின்னாலேயே உள்ள துறையிலிருந்து ஃபிரிட்ரிக்ஸ்ஹாஃபெனுக்குக் கட்டமரான் என்ற பயணிகள் படகு போகிறது, அதில் சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான். மீர்ஸ்பூர்க் போகும் பெரிய ஃபெரி ஸ்டாட் என்ற பகுதியிலிருந்து கிளம்புகிறது. நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. கடக்க 15 நிமிடம். ஆண்டு முழுவதும், இரவு பகல் ஓயாமல் ஓடுகிறது. முன்பதிவு தேவையில்லை, கார்களுக்குப் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிவிடலாம். சைக்கிளுக்கும் கட்டணம் உண்டு.

மூன்றாவது கடவு ஃபிரிட்ரிக்ஸ்ஹாஃபெனிலிருந்து சுவிஸின் ரோமான்ஸ்ஹார்ன். ஏறத்தாழ 40 நிமிடம், பகலில் மணிக்கொன்று. ஏரியின் கிழக்குப் பாதியை மட்டும் சுற்ற விரும்பினால் இதைப் பயன்படுத்தி வட்டத்தை முடிக்கலாம்.

5. எப்போது போவது

கூட்டத்தைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காலை ஆறு மணிக்கு அந்தப் பாதை உங்களுக்கே சொந்தம். ஒன்பதரைக்கு மேல் ஹோட்டல்களில் காலை உணவு முடித்தவர்கள் இறங்குவார்கள். பத்தரைக்கு மேல் நீங்கள் ஓட்டுவது சைக்கிள் அல்ல, ஊர்வலம். ரோடு சைக்கிள்காரர்கள் பத்து மணிக்குள் முக்கால்வாசித் தூரத்தை முடித்துவிட வேண்டும்.

ஏப்ரல் இறுதியில் ஆப்பிள் மரங்கள் பூக்கும். மே மாத இறுதியும் ஜூன் தொடக்கமும் என் தேர்வு. ஆனால் மே, ஜூனில் வரும் கிறிஸ்தவ விண்ணேற்ற விழா, பெந்தெகொஸ்தே விடுமுறை நாள்களைக் காலண்டரில் பார்த்துத் தவிருங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை ப்ரெகென்ஸில் ஏரி மேடை இசை விழா. அறை கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் கண்ணைக் கட்டும். செப்டம்பர் மறுபடி அருமை. அக்டோபர் பிற்பகுதியிலிருந்து மூடுபனி நாள் கணக்கில் உட்கார்ந்துவிடும்.

ஆகஸ்டில்தான் வர முடியும் என்றால் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, சுவிஸ் கரையில் ரோமான்ஸ்ஹார்ன், அர்போன் பக்கம் ஏறத்தாழ 40 கி.மீ. சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். ஸ்லோஅப் என்று பெயர், கட்டணம் இல்லை. உண்மையிலேயே கார் இல்லாத சாலை வேண்டுமென்றால் அன்றுதான். பெயருக்கேற்ப வேகத்தை மறந்துவிடுங்கள்.

6. பகுதி பகுதியாகப் பாதை

மீர்ஸ்பூர்க் முதல் ஃபிரிட்ரிக்ஸ்ஹாஃபென் வரை திராட்சைத் தோட்டங்கள். பார்வைக்கு அழகு, ஆனால் ஹாக்னாவ் பக்கம் நடப்பவர்கள் மிக அதிகம். சில இடங்களில் பெரிய சாலையின் இரைச்சல் கூடவே வரும். இதை விடியற்காலையில் முடியுங்கள்.

ஃபிரிட்ரிக்ஸ்ஹாஃபெனைத் தாண்டியதும் எரிஸ்கிர்ஹர் ரீட். வடகரையின் மிகப் பெரிய இயற்கைக் காப்பகம் இது. மே இறுதியில் ஈரப் புல்வெளி முழுவதும் நீல ஐரிஸ் பூக்கும். அப்போது படமெடுக்கப் பாதை நடுவில் நிற்பார்கள், வேகத்தைக் குறையுங்கள். அடுத்து லாங்கென்ஆர்கெனுக்கு முன் ஆர்கென் ஆற்றின் மேல் ஒரு பழைய தொங்கு பாலம் இருக்கிறது என்று தேடாதீர்கள், அது ஊரைத் தாண்டித்தான் வரும். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பாலம். அங்கிருந்து நோனென்ஹார்ன், வாஸர்பூர்க் வழியாக லின்டாவ் வரை தோட்டச் சாலைகள்.

லின்டாவிலிருந்து ப்ரெகென்ஸுக்குள் நுழையும் கரையோரப் பகுதியைப் பைப்லைன் என்கிறார்கள். ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், மறுபக்கம் தண்ணீர். மாலையில் ஊரே அங்கே குளிக்க வரும்.

ப்ரெகென்ஸுக்கு அடுத்து வரும் ரைன் டெல்டாதான் இந்தச் சுற்றில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம். ரைன் ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் ஹார்ட், ஃபூஸாஹ், ஹோக்ஸ்ட், கைஸாவ் ஊர்களுக்கு வடக்கே நாணலும் சதுப்பும் ஆழமற்ற நீரும் பரந்து கிடக்கின்றன. 1982 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் பட்டியலிடப்பட்ட இடம். வெள்ளத் தடுப்பு அணையின் மேல் பாதை ஓடுகிறது. காரே கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் நாணல், அதற்கு மேல் மலை. ஆனால் இங்கே வேகத்துக்கு இடமில்லை. சரளைத் துண்டுகள் உண்டு, எதிர்க்காற்று அடித்தால் ஒளிய ஒரு மரம் கூட இருக்காது. தரையில் கூடு கட்டும் பறவைகள் இருப்பதால் குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. "ஐந்து நிமிடம் நாணலுக்குள் போய் ஒரு படம்" என்பதெல்லாம் வேண்டாம். நேரம் இருந்தால் ரைன் கரை அணையில் ஆற்றின் முகம் வரை போய் அதே வழியில் திரும்புங்கள்.

கைஸாவ் பாலம் தாண்டினால் சுவிஸ். ரோர்ஷாக், அர்போன், ரோமான்ஸ்ஹார்ன் வழியாகக் கிராய்ஸ்லிங்கென் வரை வழிகாட்டிப் பலகைகள் சிவப்பு நிறத்தில் வரும், 2 என்ற எண்ணைப் பின்தொடருங்கள். இது நாட்டின் ரைன் வழித்தடம். ரயில் தடம் கரையை ஒட்டியே போவதால் பாதை சில இடங்களில் தோட்டங்களுக்குள் விலகும். ரோடு சைக்கிளுக்கு மொத்தச் சுற்றிலும் இதுதான் வசதியான பகுதி: நல்ல தார், குறைந்த கூட்டம்.

கான்ஸ்டன்ஸுக்கு மேற்கே வோல்மாட்டிங்கர் ரீட் காப்பகம். அதற்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், சைக்கிள் பாதை ஓரமாகப் போய்விடும். ரைஹெனாவ் தீவுக்கு மரங்கள் அணிவகுத்த கரைச்சாலை உண்டு. மைனாவ் தீவுக்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, வெளியே பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

வடமேற்கு விரலில் ஒரு எச்சரிக்கை போதும். வரைபடத்தில் போட்மானிலிருந்து வால்ஹவுசனுக்குக் கரையோரமாகவே போய்விடலாம் என்று தோன்றும். போக முடியாது. போடான்ரூக் குன்றின் மேல் ஏறி இறங்க வேண்டும், இந்தச் சுற்றின் ஒரே உண்மையான ஏற்றம் இதுதான். கால் வேண்டாம் என்று சொன்னால், உபர்லிங்கெனிலிருந்து வால்ஹவுசனுக்குச் சைக்கிள் ஏற்றும் சிறு படகு இருக்கிறது.

7. பலகைகளும் அபராதங்களும்

வட்ட நீலப் பலகையில் சைக்கிள் இருந்தால் அது சைக்கிள் பாதை. ஜெர்மனியில் அந்தப் பலகை இருக்கும் இடத்தில் சாலையில் ஓட்டக் கூடாது. நடப்பவர் படமும் சேர்ந்திருந்தால் பகிர்வது. நடைபாதைப் பலகையின் கீழே "ராட்ஃபாரர் ஃப்ரை" (சைக்கிளுக்கு அனுமதி) என்று எழுதியிருந்தால் நுழையலாம், ஆனால் நடை வேகத்தில்தான். பெரும்பாலான சண்டைகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. "ஆன்லீகர் ஃப்ரை" என்றால் அங்கே வசிப்பவர்களின் கார் வரும், வளைவில் எதிர்பாருங்கள்.

ஜெர்மனியில் கைப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டினால் 55 யூரோ, சிவப்பு விளக்கைத் தாண்டினால் 60, நடப்பவர் பகுதிக்குள் ஓட்டினால் 25. திராட்சைத் தோட்டங்களில் மது ருசிக்க அழைப்பார்கள். சைக்கிளுக்கும் இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு உண்டு: சுவிஸில் 0.5, ஆஸ்திரியாவில் 0.8, ஜெர்மனியில் 1.6 பெர்மில் (ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவு). ஜெர்மனி தாராளம் என்று நினைக்காதீர்கள், தள்ளாடி ஓட்டினால் 0.3-லேயே பிடிப்பார்கள்.

8. பணம், கைப்பேசி, வானிலை

சுவிஸ் கடைகள் பலவற்றில் யூரோ வாங்குவார்கள், மீதி பிராங்கில் வரும், மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். கார்டு கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கும். பேக்கரி காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும். சனிக்கிழமை இரவே வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிப் பையில் வையுங்கள். ஏரியோர நகரங்களில் குடிநீர்க் குழாய்கள் உண்டு, சுவிஸ் பக்கம் இன்னும் தாராளமாக.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் ஏற்பாட்டில் இல்லை. ஜெர்மன் கரையில் நின்றுகொண்டே கைப்பேசி எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துவிடும். உங்கள் திட்டத்தில் சுவிஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். எனக்கு ஒரு பிற்பகலில் வந்த ரோமிங் செலவில் இரண்டு டயர் வாங்கியிருக்கலாம்.

அவசர எண் 112 மூன்று நாடுகளிலும் இயங்கும்.

கரையோரத் துறைகளில் கம்பங்களின் மேல் ஆரஞ்சு விளக்குகளைப் பார்ப்பீர்கள். படகுகளுக்கான புயல் எச்சரிக்கை அது. சைக்கிள்காரர்களுக்கும் அதைவிட நல்ல வானிலை அறிக்கை கிடையாது. நிமிடத்துக்கு 40 முறை மினுக்கினால் பலத்த காற்று வரக்கூடும், அணைகளையும் திறந்த கரையையும் விட்டு ஊர்ப் பக்கம் வந்துவிடுங்கள். 90 முறை மினுக்கினால் புயல் எச்சரிக்கை. எண்ணிக்கொண்டு நிற்காமல் அருகிலுள்ள ரயில் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.